சளி டெஸ்ட் 'நெகட்டிவ்'... ஆனாலும் டிபி இருக்கலாம்! எச்.ஐ.வி உள்ளவர்களிடம் காசநோய் தப்பிவிடுவது ஏன்?

சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் க்ளியர். அப்போ டிபி இல்லைதானே? எச்.ஐ.வியுடன் வாழ்பவர்கள் விஷயத்தில் இந்த முடிவு பல நேரம் தப்பாகிவிடுகிறது.

வளரும் நாடுகளில் எச்.ஐ.வியுடன் இறந்தவர்களின் உடற்கூராய்வு முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 40 சதவீதம் பேருக்கு காசநோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, உயிரோடு இருந்தவரை அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் இது!

எங்கே ஒளிகிறது கிருமி?

டிபி கிருமியோடு நம் எதிர்ப்பு செல்கள் மோதும்போதுதான் நுரையீரல் திசு சிதைந்து குழி விழுகிறது. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவது அந்தக் குழிதான். சளியில் கிருமி ஏராளமாக வருவதும் அங்கிருந்துதான். சிடி4 செல்கள் குறைந்தவர்களுக்கு அந்த மோதலே சரியாக நடப்பதில்லை. அதனால் குழியும் இல்லை, சளியில் கிருமியும் குறைவு. மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் பல ஆயிரம் கிருமிகள் இருக்க வேண்டும். நோயோ நிணநீர் முடிச்சு, வயிறு, மூளை உறை என்று பரவியிருக்கலாம். சிலருக்கு இருமலே இருக்காது. சளி வந்தால்தானே டெஸ்ட்டுக்குக் கொடுக்க முடியும்?

சிறுநீரில் ஒரு வழி

மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட், மைக்ரோஸ்கோப்பைவிட மிகக் குறைந்த கிருமிகளையும் பிடித்துவிடும். சிறுநீரில் பார்க்கும் 'லாம்' டெஸ்ட்டில் சுமார் 25 நிமிடத்தில் ரிசல்ட். விநோதம் என்னவென்றால், எதிர்ப்பு சக்தி குறையக் குறைய இது நன்றாக வேலை செய்கிறது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மருத்துவமனைகளில் இதைச் சேர்த்துப் பார்த்தபோது, 8 வாரத்துக்குள் நிகழ்ந்த இறப்பு 25-லிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இதிலும் தப்பிப்பவர்கள் உண்டு. நெகட்டிவ் என்றதும் விட்டுவிட முடியாது.

'இரண்டு வாரத்துக்கு மேல் இருமல்' என்பது நமக்குப் பழகிய விளம்பர வாசகம். எச்.ஐ.வி உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை - இதில் ஒன்று இருந்தாலும், ஏ.ஆர்.டி மாத்திரை வாங்கப் போகும்போதே சொல்லிவிட வேண்டும். வேறு டாக்டரிடம் போகிறவர்கள் எச்.ஐ.வி பற்றிச் சொல்லத் தயங்குவது புரிகிறது. ஆனால் அது தெரியாத டாக்டர் நெகட்டிவ் ரிசல்ட்டை நம்பிவிடுவார்.

எச்.ஐ.வி தொடர்பான சந்தேகங்களுக்கு 1097, காசநோய்க்கு 1800-11-6666. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.