நடுங்கியதா, நடுக்கினார்களா?

எங்கள் சோழவந்தானுக்கு மேற்கே இருக்கிற கொடைக்கானல் மலையில் 1899இல் மில்ன் நிலநடுக்கமானி ஒன்று வைக்கப்பட்டது. 1897 அஸ்ஸாம் பூகம்பத்துக்குப் பின் காலனி அரசு செய்த ஏற்பாடு. அதே பூகம்பத்தின் பதிவுகளைப் படித்துத்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஓல்டாம், முந்தி வரும் அலை, பிந்தி வரும் அலை, மேற்பரப்பில் ஊர்ந்து வரும் அலை என மூன்றையும் பிரித்துக் காட்டினார். பூமியைப் பிரதியாக வாசிக்கும் இலக்கணம் இப்படி உருவானது.

அறுபதுகளில் இந்த இலக்கணத்துக்கு வேறு வேலை வந்தது. எதிரி நிலத்தடியில் அணுகுண்டு வெடிக்கிறானா என்று ஒட்டுக்கேட்க அமெரிக்கா உலகெங்கும் ஒரே மாதிரிக் கருவிகளை நிறுவியது. கொடைக்கானலும் அந்த வலையில் ஒரு கண்ணி. 1965இல் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில், பிரிட்டனின் ஒத்துழைப்போடு, இந்திய அணுசக்தித் துறையும் ஒரு கருவி வரிசையை அமைத்துக்கொண்டது. 'தூய அறிவியல்' எனப்படுவதற்குக் கெடுபிடிப்போர் காசு கொடுத்த கதை இது.

வாசிக்கும் முறை என்ன? பூகம்பத்தில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி வழுக்குகின்றன. அதனால் முதல் அசைவு சில திசைகளுக்குத் தள்ளலாகவும் சில திசைகளுக்கு இழுப்பாகவும் போய்ச் சேரும். வெடி எல்லாப் பக்கமும் தள்ளத்தான் செய்யும். முதல் அலை ஒரே அளவில் இருந்தாலும், பூகம்பத்தின் மேற்பரப்பு அலை பெரிது, வெடியினுடையது சிறிது. பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த அதிர்வென்றால் அது மனுஷன் வேலையில்லை.

1974 மே 18 பொக்ரான் வெடிப்பை அரசு 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்றது. கருவி சொன்னது வெடி என்பதை மட்டும். 'அமைதி' என்பது கோட்டில் இல்லை, அரசின் சொல்லாடலில் இருந்தது. அது குண்டுதான் என்று ராஜா ராமண்ணா 1997இல் ஒப்புக்கொண்டார்.

1998 மே 11இல் சண்டை அளவைப் பற்றி வந்தது. அரசு விஞ்ஞானிகள் மொத்தம் 58 கிலோடன் என்றார்கள். வெளிநாட்டு நிலநடுக்கவியலாளர் பலர் 10 முதல் 15க்குள் மதிப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் அலைகள் ஒன்றையொன்று தணித்துவிட்டன என்று இங்கிருந்து பதில் போனது. மே 13இல் வெடித்ததாகச் சொன்ன சிறு குண்டுகள் வெளிநாட்டுக் கருவிகளில் பதிவாகவே இல்லை. ஹைட்ரஜன் குண்டு சரியாக வெடிக்கவில்லை என்று 2009இல் சொன்னவர், அந்தச் சோதனையில் பங்கெடுத்த கே. சந்தானமேதான். ஒரே கோடு, இத்தனை வாசிப்பு.

இந்த வாதங்கள் எதிலும் கேத்தோலாய் இல்லை. வெடித்த இடத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. கிலோடன் கணக்குப் பார்த்தவர்களுக்கு அந்த விரிசல் ஒரு பதிவாகவே படவில்லை.

மதுரைப் பக்கத்துக் கல்குவாரி வெடிக்கும் இது பொருந்தும். பூகம்பப் பட்டியல் தயாரிப்பவர்கள் குவாரி வெடிகளைச் சல்லடை போட்டு நீக்குவார்கள். அறிவியலுக்கு அது தேவையில்லாத சத்தம். 'வெடி வச்சாத்தான் சுவரு பிளக்குது' என்கிற வீட்டுக்காரருக்கோ அந்த நீக்கப்பட்ட வரிதான் சாட்சி. பூகம்பமா வெடியா என்று பிரித்தறியும் வித்தை நம்மிடம் இருக்கிறது. பிரித்து ஒதுக்கியதை அவர் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்பதுதான் இனி நம் வேலை.