கோஷ்டி

வடமொழியில் ‘கோஷ்டம்’ என்பது மாட்டுத் தொழுவம். அதிலிருந்து பிறந்த ‘கோஷ்டீ’ கூடியிருப்போரையும் அவர்களது உரையாடலையும் குறித்தது. மராத்தியில் ‘கோஷ்ட’ என்றால் கதை. வங்காளத்தில் ‘கோஷ்டி’ குலத்தையும் குறிக்கும். தமிழில் இதன் பழைய வடிவம் ‘கோட்டி’. திருக்குறளின் கல்லாமை அதிகாரத்தில் அவையில் பேசுதல் என்ற பொருளில் அது வருகிறது. பித்தைக் குறிக்கும் நெல்லை வழக்கான ‘கோட்டி’ வேறு.

‘கோஷ்டி’ என்ற வடிவம் வைணவக் கோயில்களில் வேரூன்றியது. புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்லும். பலர் ஒரே குரலாய் ஓதுவதே இங்கு கோஷ்டியின் அடையாளம். ஒருவர் பிசகினால் வரிசை முழுவதும் தடுமாறும். ஆயினும் காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் எக்கலையார் ஓதுவது என்ற வடகலை–தென்கலைத் தகராறு ஆங்கிலேயர் காலத்திலேயே நீதிமன்றம் ஏறிவிட்டது.

பஜனை கோஷ்டியில் ஒற்றுமையின் சாயல் மிச்சமிருந்தது. அரசியல் செய்தி அதையும் துடைத்தது. ராஜாஜி கோஷ்டி, காமராஜ் கோஷ்டி என்று தமிழக காங்கிரஸின் பிளவுகளை எழுதிய காலத்திலிருந்து, ‘கோஷ்டிப் பூசல்’ இதழ்களின் நிரந்தரத் தொடர். சேர்ந்திருப்பதைச் சொன்ன சொல், கட்சிக்குள் பிரிந்து நிற்பதைச் சொல்லத் தொடங்கியது. பெருமாள் கோயிலில் மட்டும் பழைய பொருள் இன்றும் வழங்குகிறது.