ஒளிர் வினைபொருள்கள்: தோல் பதனிடும் நொதிகளை அளத்தல்

ஒளிர் வினைபொருள் என்பது நொதி வெட்டும்வரை மங்கியிருந்து, வெட்டு விழுந்தபின் ஒளிரும் சேர்மம். ஒளி கூடும் வேகத்தைக் கொண்டு நொதியின் செயல்திறனைக் கணக்கிடுவர்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் ஷாப்புகளில் (பதனிடும் ஆலைகளில்) நொதிக்கு முதன்மையான இடம் பேட்டிங். மயிரும் சுண்ணாம்பும் நீங்கிய தோலை, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதியால் மென்மையாக்கும் கட்டம் இது. முற்காலத்தில் இதற்கு நாய் மலமும் புறா எச்சமும் பயன்பட்டன. 1907-இல் ஜெர்மானியர் ஓட்டோ ரோம் கணைய நொதியைக் கொண்டு அவற்றுக்கு மாற்று கண்டார். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடைக் குறைக்கவும் நொதி உதவும். தோல் ஆலைகளால் நேர்ந்த பாலாற்று மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சல்பைடுக்கு மாற்றின் தேவை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1948-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நொதிவழி மயிர் நீக்கத்தில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

பேட்டிங் போதுமா என்பதைக் கைதேர்ந்தவர் பெருவிரலால் அழுத்தியே அறிவார். ரேகை பதிந்து நின்றால் தோல் பதமாகிவிட்டது. அந்த விரலின் அறிவு பெரிது. ஆனால் மூட்டையில் வந்த நொதித்தூளின் வீரியத்தைத் தோலில் போடுமுன் அதனால் சொல்ல முடியாது. ஈரத்தில் கிடந்த தூள் எடை குறையாமலே செயல் இழந்திருக்கும்.

எஃப்ஐடிசி சாயம் நெருக்கமாகப் பிணைத்த கேசீன் புரதம் இங்கே கைகொடுக்கும். சாய மூலக்கூறுகள் அருகருகே இருக்கையில் ஒன்றன் ஒளியை மற்றொன்று அடக்கும். புரதம் துண்டானதும் விலகி, ஏறத்தாழ 530 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். டிரிப்சின் போன்ற தனி நொதியை அறிய, அமினோ அமிலத் தொடரின் நுனியில் ஏஎம்சி என்ற கூமரின் சேர்மத்தைக் கோத்த சிறு பெப்டைடுகள் உண்டு. அறுந்து விடுபட்ட ஏஎம்சி ஏறத்தாழ 380 நானோமீட்டர் ஒளியை வாங்கி 460-இல் நீலமாக உமிழும்.

தோலுக்கு எந்த வினைபொருளைத் தேர்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேசீனை வேகமாக வெட்டும் நொதி நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அது தோலின் கட்டுமானப் புரதமான கொலாஜனையும் தின்றால் தோலின் மேற்பரப்பு கெட்டுப்போகும். ஆகவே சாயம் பிணைத்த கொலாஜனிலும் அதே நொதியைச் சோதித்து, அங்கே ஒளி எழாததை உறுதிசெய்ய வேண்டும்.

பேட்டிங் பீப்பாயிலிருந்து எடுத்த கலங்கிய நீரை அப்படியே அளப்பதும் தவறு. கலங்கலும், கலந்திருந்தால் தாவரப் பதச்சாறும் ஒளியை விழுங்கும். பதச்சாறு நொதியையே பிணைத்து முடக்கும். மாதிரியை நீர்க்கச் செய்து, கொதிக்கவைத்து நொதி செத்த மாதிரியை ஒப்பீட்டுக்கு வைப்பர். பிஹெச்சும் வெப்பமும் பேட்டிங்கில் உள்ளபடியே, ஏறத்தாழ 8.5 பிஹெச், 35 டிகிரி செல்சியஸ் என இருக்க வேண்டும்.