தபாலில் ஏறாத பாடம்

எந்தப் பட்டப் படிப்புகளை இணையவழியில் தொடங்கலாம் என்று ஆலோசிக்க இன்று கூடுகின்ற கல்லூரிக் கல்விக்குழு, தான் நூதனமானதொரு பிரச்சினையை எதிர்கொள்வதாக எண்ணக்கூடும். ஆனால் பாடத்தைத் தொலைவிலுள்ள மாணவனிடம் அனுப்பிவைக்க முனைந்தோர் அனைவரும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவந்த பழைய கேள்விதான் அது.

1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் ஏற்பட்டவுடன், ஐசக் பிட்மன் அதன் வாயிலாகச் சுருக்கெழுத்தைப் போதிக்கலானார். எழுதுவதே பாடமும், எழுதியதைத் திருத்துவதே போதனையுமாக இருந்தமையால், அதற்குத் தபாலே போதிய வகுப்பறையாயிற்று. 1962-இல் டில்லி சர்வகலாசாலை, டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் யோசனையை ஏற்று அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது முதலில் கைக்கொண்டதும் பி.ஏ. வகுப்பையே. அச்சிட்ட தாளில் அடங்குவது எதுவோ அதுவே பிரயாணத்துக்கு உகந்தது என்பது இயல்பான தீர்மானம்.

அத்தீர்மானத்தைத் தலைகீழாக்கியது, 1969-இல் சாசனம் பெற்ற பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டபோது, கலை, சமூக இயல், கணிதம் ஆகியவற்றோடு விஞ்ஞானத்தையும் அது துணிந்து வைத்தது. ஆய்வுக்கூடத்துக்கு மாணவன் வர இயலாதெனில் ஆய்வுக்கூடமே அவன் வீட்டுக்குப் போகட்டும் என்று, கைக்கடக்கமான பிளாஸ்டிக் நுண்ணோக்கி, ரசாயனப் பொருள்கள் முதலிய உபகரணங்களை ஒரு பெட்டியில் அடுக்கி இரவலாக அனுப்பிற்று. பகலெல்லாம் வேலை பார்த்துத் திரும்பியவர், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அதன்மேல் பரிசோதனையைத் தொடங்கலாம். பெட்டிக்குள் அடங்காததற்கென்று கோடையில் ஒரு வாரம் நேர்முகப் பள்ளியும் நடத்திற்று.

2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தன் முதல் இணையவழிப் பட்டத்துக்கு நிரலாக்கத்தையும் தரவு அறிவியலையும் தேர்ந்ததில் பிட்மனின் தர்க்கமே மறுபடி தென்படுகிறது; பாடத்தைக் கொணரும் கணினியே பயிற்சிக் கருவியுமாகிறதன்றோ! 2023-இல் அது தொடங்கிய மின்னணுவியல் படிப்புக்கோ, ஆய்வுக்கூடப் பயிற்சியின்பொருட்டு மாணவர் சென்னைக்கு நேரில் வரவேண்டியிருக்கிறது. ஆதலால், எப்பாடத்துக்குக் கூட்டம் சேரும் என்று கணக்கிடுமுன், அப்பாடத்தில் திரையில் ஏறாமல் எஞ்சுவது எது, அதை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்பப்போகிறோம் என்று விசாரிப்பதே கல்விக்குழுவின் முதற் கடமையாகும்.