பதினொன்றாம் வகுப்பும் கல்லூரியின் முதல் பருவமும்

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்துக்குப் பின்னால் நெடிய உழைப்பு இருக்கிறது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. ஊரக மாணவர்களை வடிகட்டிய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2007இல் நீங்கியது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்தது. ஆனால் சேர்ந்த மாணவர் முதல் பருவத்திலேயே திணறாமல் இருக்க வேண்டிய ஆயத்தம் பதினொன்றாம் வகுப்பில் நடந்தாக வேண்டும். பல பள்ளிகளில் அது நெடுங்காலம் நடக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணிதப் பாடநூலைப் புரட்டினாலே இது விளங்கும். எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. பிளஸ் டூ புத்தகம் அவற்றின் பயன்பாடுகளுக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் போய்விடுகிறது. பொறியியல் கணிதம் இவையெல்லாம் கைவந்தவை என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டும் நடத்திய பள்ளிகளின் மாணவர்கள், சூத்திரத்தைப் பிழையின்றி எழுதுவார்கள்; அது எப்படி வந்தது என்று கேட்டால் நின்றுவிடுவார்கள்.

அரசு இதை உணர்ந்தே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது; அடுத்த ஆண்டே புதிய பாடநூலும் வந்தது. ஆனால் அந்த மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கையில் சேராது என்று 2018இல் அறிவிக்கப்பட்டதும் தேர்வின் பிடி தளர்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து அத்தேர்வே நீக்கப்பட்டது.

அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குச் சுமை என்பது நியாயமான வாதம்தான். ஆனால் பாடத்தைக் காக்க வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் பழைய வழக்கம் தலைதூக்கும். தனிப்பயிற்சிக்கு வசதியில்லாத, குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களே அதன் விலையைக் கொடுப்பார்கள்.

எல்லோருமா கல்லூரிக்குப் போகிறார்கள் என்று கேட்போரும் உண்டு. ஆனால் இந்த ஆயத்தம் கல்லூரிக்கு மட்டுமானதல்ல: பாடநூலுக்கு வெளியே ஒரு கட்டுரையைப் படித்துத் தன் சொல்லில் சுருக்கி எழுதுவதும், ரெக்கார்டு நோட்டில் முன்னவர் எழுதிய அளவீட்டைப் பார்த்து எழுதாமல் தான் எடுத்த அளவை அதிலுள்ள பிழையோடு பதிவதும் பாலிடெக்னிக்கிலும் வேலையிலும் கூடத் தேவைப்படுபவை. ஆகவே தொழிற்பிரிவு உட்பட எல்லாப் பிரிவு மாணவருக்கும் இந்தப் பயிற்சி உரியது.

இத்தகைய பணிகளைப் பிளஸ் ஒன்னில் மாதந்தோறும் கொடுத்து, வேறு பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிடலாம். தமிழ்வழி மாணவருக்குக் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழக்கலாம். பொறியியல் கல்லூரிகள் தொடக்கத்தில் நடத்தும் சில வார அறிமுகப் பயிற்சி, தவறவிட்ட ஓராண்டுப் பாடத்தை ஈடுகட்டாது. முதல் பருவத்துக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர்களும் மேல்நிலை ஆசிரியர்களும் மாவட்டந்தோறும் கூடி, இரு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து இடைவெளிகளைக் குறிக்க வேண்டும். கணிதத்திலும் இயற்பியலிலும் ஆங்கிலத்திலும் இதை முதலில் தொடங்கலாம். அதற்குப் புதிய பொதுத்தேர்வு எதுவும் தேவையில்லை.