கொத்தனாருக்குச் சான்றிதழ் வந்த கதை

சித்தூர், கடப்பைப் பக்கத்து ஊர்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போவது தலைமுறைப் பழக்கம். போகிறவரிடம் நம் அரசு முதலில் கேட்பது, பத்தாவது பாஸா என்றுதான். இல்லையென்றால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாறாமல் காக்க வந்த விதி அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தூக்குக்குண்டு விட்டு மூன்று மாடிச் சுவரைப் பிசகாமல் ஏற்றுகிறவரா என்பதை அது கேட்பதே இல்லை.

அதைக் கேட்டவர்கள் ஏஜென்டுகள். 1973இல் எண்ணெய் விலை எகிறி, வளைகுடாவில் ஊர் ஊராகக் கட்டத் தொடங்கிய பிறகு 'ட்ரேட் டெஸ்ட்' பரவியது. செங்கல்லும் கலவையும் கொடுத்து ஒரு மூலை கட்டச் சொல்வார்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஆள் தேறினான். தேறியதற்குக் கையில் காகிதம் கிடையாது. அடுத்த கம்பெனிக்குப் போனால் மறுபடி செங்கல், மறுபடி ரசமட்டம். 1956இல் பிறந்த தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் சான்றிதழ் ஐடிஐ படித்தவருக்கு. சித்தாளாகச் சேர்ந்து, மேஸ்திரியிடம் திட்டு வாங்கித் தொழில் கற்றவருக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தச் சோதனைக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தது சிங்கப்பூர். 1984இல் அங்கே கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம் அமைந்தது. 1999இல் அது கட்டட, கட்டுமான ஆணையத்தில் கலந்தது. இந்தியத் தொழிலாளி புறப்படும் முன்பே இங்குள்ள மையத்தில் தேர்வு எழுதி, செய்தும் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'டெஸ்ட் அடிக்கிறது' என்றால் இதுதான். சாமர்த்தியம் தேர்வில் இல்லை, வரியில் இருக்கிறது. திறன் கூடிய ஆளை வைத்திருக்கும் முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை குறைவு. சான்றிதழுக்கு விலை வந்தது அப்படித்தான்.

இந்தியா தாமதமாகத்தான் விழித்தது. 2013இல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம். 2015இல் பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டம், அதனுள்ளே ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு. வகுப்பறை காணாத கொத்தனாருக்குத் திறந்த முதல் பெரிய வாசல் இது என்பேன். 2016இல் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பது பற்றி ஐக்கிய அரபு அமீரகத்துடன் ஒப்பந்தம். சவூதி காத்திருக்கவில்லை, 2021இல் தானே ஒரு திறன் சரிபார்ப்புத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டே அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் ஆகியோர் முதல் வரிசையில் இருந்தார்கள்.

ஆக, சிங்கப்பூருக்கு ஒரு டெஸ்ட், சவூதிக்கு ஒன்று, நம் நாட்டுச் சான்று தனியாக. ஒன்று இன்னொன்றுக்குத் தானாகச் செல்லாது. கட்டுகிற சுவர் எங்கும் ஒன்றே. கட்டணம் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் புதிது. திருப்பதியில் லாட்ஜ் கட்டும் மேஸ்திரியோ இவற்றில் எதையும் கேட்பதில்லை. குவைத்திலிருந்து திரும்பியவரானாலும் உள்ளூர்க் கூலிதான்.