வீட்டுக் கணினிக்கு ஒரு டேட்டாபேஸ்: கொஞ்சம் வரலாறு

புத்தகப் பட்டியல், முகவரிகள், மொய்க் கணக்கு மாதிரி சமாச்சாரங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள எளிமையான டேட்டாபேஸ் எது என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் 45 வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. அது தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

ஆரம்பமே சுவாரசியம். 1978இல் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்த வேய்ன் ராட்லிஃப் என்பவருக்கு ஆபீஸ் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க ஆசை (அமெரிக்கக் கால்பந்துங்க, நம்ம ஃபுட்பால் இல்லை). அணிகளின் புள்ளிவிவரங்களைக் கையால் அலசி மாளவில்லை. ஜேபிஎல்லின் பெரிய கணினியில் ஓடிய ஒரு டேட்டாபேஸை மாதிரியாக வைத்து, வீட்டில் இருந்த சின்னக் கம்ப்யூட்டருக்கு ஒரு நிரல் எழுதினார். ஸ்டார் ட்ரெக் ஸ்பாக் நினைவாக 'வல்கன்' என்று பேர் வைத்தார்.

ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லீ என்ற இருவர் அதை வாங்கி விற்க வந்தார்கள். பேர் 'டிபேஸ் 2' ஆனது. டிபேஸ் 1 என்று ஒன்று வெளிவந்ததே இல்லை! கம்பெனி பேர் ஆஷ்டன்-டேட். அதில் ஆஷ்டன் என்றும் யாரும் கிடையாது. விளம்பர உலகம் அப்பவே அப்படித்தான். விலை 695 டாலர்.

திறந்தால் திரையில் ஒரே ஒரு புள்ளி நிற்கும். மிச்சத்தை நாமதான் தட்டச்சணும். 90களில் நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் படித்தவர்களுக்கு அந்தப் புள்ளி மறந்திருக்காது. எனக்கும் மறக்கலை.

வீட்டுக்காரர்களுக்கு இது ஒத்துவருமா? 1980இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த 'பிஎஃப்எஸ் ஃபைல்' அதற்கு வேறு வழி காட்டியது. கட்டளையே வேண்டாம். காகிதப் படிவம் மாதிரி திரையில் ஒன்றை வரைஞ்சுக்கணும், நிரப்பணும். தேடுவதற்கும் அதே படிவம்தான். பெயர் என்ற இடத்தில் பெயரைப் போட்டால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது கதை. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஜிம் நாஃப், தன் ஊர் சர்ச்சுக்கு முகவரி ஒட்டுச்சீட்டுகள் அச்சடிக்க ஒரு நிரல் எழுதினார். நண்பர்கள் கேட்க, பிரதி கொடுத்தார். அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். திருத்திய பதிப்பை எல்லாருக்கும் அனுப்பச் செலவு கட்டுப்படியாகவில்லை. நிரலுக்குள்ளேயே ஒரு வேண்டுகோள் வைத்தார்: தாராளமாகப் பிரதி எடுங்க, பிடிச்சிருந்தா 10 டாலர் அனுப்புங்க. 1982இல் அதுதான் 'பிசி-ஃபைல்' ஆனது. ஷேர்வேர் என்ற வியாபார முறைக்கே முன்னோடிகளில் ஒன்று. பணம் வந்து குவிந்து, 1984இல் ஐபிஎம் வேலையை விட்டுவிட்டார். சாதா ஜனங்களுக்கு எவ்வளவு தேவை இருந்திருக்கு, பாருங்க!

இவர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள்? 1988இல் வந்த டிபேஸ் 4 பிழைகள் மலிந்து பேரைக் கெடுத்துக்கொண்டது. 1991இல் ஆஷ்டன்-டேட்டை போர்லண்ட் வாங்கியது. போட்டியாளரான ஃபாக்ஸ் நிறுவனத்தை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பெரிய பதிப்பு 2004இல் வந்தது. வீட்டுக்கென்றே வந்த மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ், 2007இன் 9ஆம் பதிப்போடு முடிந்தது. மேக் கணினிக்கு 2008இல் அழகழகான வார்ப்புருக்களோடு வந்த பென்டோவின் விற்பனை 2013இல் நின்றது. சராசரியாக ஒரு மாமரத்தின் ஆயுள்கூட இந்த மென்பொருள்களுக்கு இல்லை.

ஆனால் டிபேஸின் கோப்பு மட்டும் சாகவில்லை. காரணம் அதன் எளிமை. கோப்பின் தலையில் எந்தெந்தப் புலம், எத்தனை எழுத்து என்ற விவரம். அதற்குக் கீழே ஒரே நீள வரிசையில் பதிவுகள். யார் வேண்டுமானாலும் படிக்கிற நிரல் எழுதலாம், எழுதினார்கள். பிசி-ஃபைலே பின்னாளில் அந்த வடிவத்துக்கு வந்தது. வரைபட மென்பொருள்களின் ஷேப்ஃபைலில் இன்றைக்கும் கூடவே ஒரு டிபிஎஃப் கோப்பு இருக்கும்.

இது வீட்டில் எப்படி உதவும் என்கிறீர்களா? எங்க பெரியப்பா 1990களில் மகள் கல்யாண மொய்க் கணக்கை டிபேஸில் ஏற்றி வைத்திருந்தார். பெயர், ஊர், தொகை, எல்லாம் ஆங்கில எழுத்தில். அவர் காலமான பிறகு, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும் என்று பெரியம்மா தவித்தாங்க. மொய் என்பது கடன் மாதிரி, திருப்பாமல் விட்டால் உறவே கசந்துவிடும். அந்தக் கோப்பை லிப்ரே ஆபீஸ் கால்கில் திறந்தேன், இரண்டு நிமிஷ வேலை. அதே குடும்பத்தில், பத்து வருஷம் கழித்து நடந்த இன்னொரு கல்யாணக் கணக்கு பூப்போட்ட திரையெல்லாம் வைத்த ஒரு மென்பொருளில் இருந்தது. அந்தக் கம்பெனியும் இல்லை, கோப்பு திறக்கவும் இல்லை. அத்தை கையால் எழுதின கோடு போட்ட நோட்டுதான் மானத்தைக் காப்பாற்றியது.

ஆக, மென்பொருளைவிட கோப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. இது என் கட்சி. சுருக்கமாக:

1. சில நூறு பதிவுகள்தான் என்றால் விரிதாளே போதும். வீண் ஆடம்பரம் வேண்டாம்.

2. அதற்கு மேல் என்றால் எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. முதல் தேவை வந்தது அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்காக! இன்று உங்க ஃபோனுக்குள்ளேயே இருக்கு. மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. உரிமைத் தொகை எதுவும் இல்லை. 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்காங்க. கட்டளை பயமாக இருந்தால் 'டிபி ப்ரௌசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச நிரல் இருக்கு.

3. தமிழில் ஏற்றினால் யூனிகோட் மட்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தவை, எழுத்துரு போனால் வெறும் கிறுக்கல்தான்.

4. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்னிக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன், எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் போட்டு வையுங்க. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு செய்தால் மறக்காது.

மொய்க் கணக்கை மட்டும் காகிதத்திலும் அச்சடித்து பீரோவில் வையுங்க. அதைத் திறக்க சாவி மட்டும் போதும் :-)